திரும்பி வராத பக்கங்கள்

அதிகாலை ஐந்து மணிக்கு என் மேசையில் நான்கு பொருள்கள்தாம் இருக்கும். அன்றைக்குப் படிக்கவேண்டிய ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம். ஒரு சிவப்புப் பேனா. நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி சன்னல் வெட்டிய கறுப்பு அட்டை. ஒரு நாற்பது பக்க நோட்டு. மற்ற ஃபாரங்களை அலமாரிக்குள் வைத்துச் சாத்திவிடுவேன். அவை கண்ணில் பட்டால் போதும், கை இந்தப் பக்கத்தில் இருக்க, மனம் அந்தக் கட்டை எண்ணத் தொடங்கிவிடும். கைப்பேசி அடுக்களையில், அரிசி டின்னுக்குப் பின்னால் கிடக்கும்.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அச்சகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. புரூஃப் பார்க்கிறது என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. "வீட்டையும் பார்த்துக்கிட்டு எப்படிம்மா இவ்வளவு புத்தகம் முடிக்கிறீங்க?" என்று பதிப்பகத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஃபோனில் இரண்டு வார்த்தையில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. நிதானமாக எழுதினால் வரும் என்று தோன்றுகிறது.

1993-இல் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் காப்பி ஹோல்டராகச் சேர்ந்தேன். அந்த வேலையே இன்று இல்லை. கையெழுத்துப் பிரதியைப் பிடித்துக்கொண்டு நான் உரக்கப் படிக்கவேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் புரூஃப் ரீடர், ஈரம் காயாத கேலி புரூஃபில், அதாவது பக்கம் பிரிக்காத நீளத்தாளில், விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். சொல்லை மட்டும் படித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, பத்தி, மேற்கோள் திறப்பு, மேற்கோள் மூடல் எல்லாம் வாயால் வரவேண்டும். ஒற்று இருக்கிற இடத்தில் அழுத்தவேண்டும். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம், உள்ளே டிரெடில் மெஷின் ஓடும் ஓசை, அதற்கு மேலாக என் குரல். முதல் ஒரு மாதம் வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவர் அறுபதைக் கடந்த பெரியவர். நாங்கள் எல்லோரும் ஐயா என்போம். ஒரு ஃபாரம் முடிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோவார். குழாயடியில் முகம் கழுவி, தெருமுனைக் கடையில் ஒரு டீ குடித்து, கால் மணி கழித்துத் திரும்புவார். முதலாளிக்கு அது பிடிக்காது. பக்கத்து மேசைக்காரர் ஒரு நாளைக்கு ஐந்து ஃபாரம் தள்ளுகிறாரே, இவர் மூன்றோடு நிற்கிறாரே என்று ஃபோர்மேனிடம் முணுமுணுப்பார். நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன், சின்னப் பெண் என்கிற தைரியத்தில். ஐயா கோபப்படவில்லை.

"அவர் அஞ்சு பார்க்கிறார்மா. அதுல மூணு திரும்பி வருது. நான் மூணு பார்க்கிறேன், மூணும் மெஷினுக்குப் போயிடுது. இப்ப சொல்லு, யாரு அதிகமா வேலை செஞ்சது?"

இந்தக் கணக்கு என் மண்டையில் ஏறச் சில வருடம் பிடித்தது. ஈய எழுத்தில் அச்சடித்த காலத்தில் ஒரு ஃபாரம் திரும்பி வருவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மெஷினில் பூட்டிய சட்டத்தை இறக்கவேண்டும். ஆப்பைத் தளர்த்தி, அந்த ஒரு வரியின் எழுத்துகளைப் பிடுங்கி, சரியான எழுத்தை வைத்தால் வரி நீளும். நீண்டால் அடுத்த வரிக்குத் தள்ளவேண்டும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும், மெஷின்மேன் பீடி பற்றவைப்பார். ஒரே ஒரு விடுபட்ட ஒற்றுக்கு மூன்று பேருடைய அரைமணி நேரம். இப்போது கணினியில் நொடியில் திருத்திவிடலாம் என்று நினைக்கிறோம். நொடியில் திருத்துகிற அந்த ஒரு வரியில் வார்த்தை நகர்ந்து, அடுத்த பக்கத்தின் கடைசி வரி காணாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிளேட் போட்ட பிறகென்றால் பிளேட் வீண். அச்சடித்த பிறகென்றால் சொல்லவே வேண்டாம்.

அச்சடித்த பிறகு ஒருமுறை நடந்தது. ஒரு டிசம்பர். என் கையில் ஒரே நேரத்தில் மூன்று புத்தகம். நாலாவதாக ஒரு முதியவரின் தன்வரலாறு வந்தது. சிறிய பதிப்பகம், அவசரம் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு முதல் ஃபாரத்தை எடுத்தேன். நடுநடுவே வேறொரு புத்தகத்தின் அட்டையில் ஒரு சந்தேகம் என்று ஃபோன் வந்துகொண்டிருந்தது. பதில் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். உள்ளே 12 பக்கத்தையும் ஒழுங்காகப் படித்தேன் என்பதற்கு என் சிவப்பு மை சாட்சி. காணிக்கைப் பக்கத்தைத்தான் படிக்கவில்லை. அதில் மொத்தமே நாலு சொல், பெரிய எழுத்தில், பக்கத்தின் நடுவில். இறந்துபோன தாயாரின் பெயர். பெயரில் இருந்த ளகரம் லகரமாகிக் கிடந்தது.

புத்தகம் வந்த மறுநாள் அவர் நேரில் வந்தார். எண்பது வயதுக்கு மாடி ஏறி வந்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயரின்மேல் விரலை வைத்தார். "மத்ததுல எத்தனை தப்பு இருந்தாலும் பரவாயில்லம்மா. இத மட்டும் படிச்சிருக்கலாமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

முதல் ஃபாரத்தைத் திரும்ப அடித்து, பைண்டிங்கைப் பிரித்துச் சேர்த்தார்கள். என் கூலியிலிருந்து ஈடு கட்டினேன். அந்த வேலை முடிய எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் என் மற்ற மூன்று புத்தகங்களிலும் ஒரு பக்கம்கூட உருப்படியாக நகரவில்லை. அரைமணி மிச்சம் பிடிக்கப்போய் எட்டு நாளைக் கொடுத்தேன். ஐயாவின் கணக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த நாற்பது பக்க நோட்டு. இப்போது இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒரு வரி. எடுத்த நேரம், முடித்த நேரம், எத்தனை திருத்தம் போட்டேன், நடுவில் எத்தனை முறை எழுந்தேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுவேன். அந்த ஃபாரத்தில் நான் விட்ட பிழையை ஆசிரியரோ பதிப்பாளரோ கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைக்கு அதை அங்கே குறிப்பேன். ஒரு வருடம் இப்படி எழுதிவிட்டு உட்கார்ந்து பார்த்தபோது திகைப்பாக இருந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் எடுத்த ஃபாரங்களின் கடைசிக் கட்டம் பெரும்பாலும் நிரம்பியிருந்தது. காலை ஐந்து முதல் பத்துக்குள் எடுத்தவை கிட்டத்தட்ட காலி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம், இரவைவிட மோசம். நான் இரவுப்பறவை, இரவில்தான் எனக்கு வேலை ஓடும் என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். வேலை ஓடியது உண்மை. எதைத் தாண்டி ஓடியது என்பது நோட்டில் இருந்தது.

ஒரு நாளில் எனக்கு நல்ல கண் நான்கு மணி நேரம்தான். அதற்குமேல் கண் திறந்திருக்கும், பார்க்காது. இதை ஒப்புக்கொண்ட நாளிலிருந்துதான் நான் அதிகமாக வேலை செய்யத் தொடங்கினேன். நாள் முழுவதையும் அந்த நான்கு மணி நேரத்தைச் சுற்றி அடுக்கினேன். நடுவில் சமையலுக்கும் குளியலுக்கும் ஒரு மணி போக, ஐந்திலிருந்து பத்துக்குள் இரண்டு ஃபாரம். மத்தியானத்தில் கண்ணை நம்பாத வேலைகள்: பில் எழுதுவது, பக்க எண்ணைப் பொருளடக்கத்தோடு ஒப்பிடுவது, பதிப்பாளர்களிடம் பேசுவது, கூரியர். நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் இன்னொரு ஃபாரம், பெரும்பாலும் முதல் புரூஃப். பிழை நிறைய இருக்கிற முதல் புரூஃபைக் களைத்த கண்ணால்கூடப் பார்த்துவிடலாம். சுத்தமாக வந்திருக்கும் கடைசிப் புரூஃபைத்தான் விடிகாலைக்கு வைக்கவேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கஷ்டமானதைக் காலையில் முடித்துவிட்டு, 'சும்மா ஒரு பார்வை' என்று கடைசிப் புரூஃபை இரவுக்குத் தள்ளுகிறார்கள்.

கடைசிப் புரூஃபுக்கு ஏன் நல்ல கண் வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் கிடைத்தது பின்னால்தான், மனக்கவனம் பற்றிய ஓர் அறிவியல் நூலின் மொழிபெயர்ப்பு புரூஃபுக்கு வந்தபோது. அதில் நார்மன் மேக்வொர்த் என்ற ஆங்கிலேய உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ராடார் திரைமுன் உட்கார்ந்தவர்கள், கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தும் எதிரியின் தடயத்தைத் தவறவிட்டார்கள். ஏன் என்று அறிய அவர் ஒரு கடிகாரம் செய்தார். எண் இல்லாத வெள்ளை வட்டம், ஒரே ஒரு முள், அது ஒவ்வொரு துள்ளலாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்தவேண்டும். இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். முதல் அரைமணிக்குப் பிறகே தவறவிடுவது கூடியது. 1948-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அரைமணி பார்ப்பது, அரைமணி ஓய்வு என்று மாற்றிமாற்றிச் செய்தவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. படித்துவிட்டுச் சிறிது நேரம் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். குழாயடியில் முகம் கழுவும் ஐயா கண்முன் வந்தார்.

அதே நூலில் இன்னொன்று. ஜெரமி வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்டது. படங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருளைத் தேடச் சொல்கிறார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தால், தேடுகிறவர்கள் 7 விழுக்காடுதான் தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தால், தவறவிட்டது 30 விழுக்காடு. கண் அதே கண், பொருளும் அதே பொருள். அரிதாக இருப்பதைத் தேடும்போது, 'இல்லை' என்று சொல்ல மனம் சீக்கிரமே துணிந்துவிடுகிறது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கிறவர்களுக்கும், எக்ஸ்ரேயில் கட்டியைத் தேடும் மருத்துவர்களுக்கும் உள்ள சிக்கல் இது. கடைசிப் புரூஃபுக்கும் அதேதான். பத்துப் பக்கம் பிழையில்லாமல் போனால் பதினோராம் பக்கத்தை நான் படிப்பதில்லை, ஆமோதிக்கிறேன்.

ஆகவே அட்டை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிகிற பரப்பு, மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றும், உண்மையில் அது தாவித்தாவிப் போகிறது. தாவும்போது எதுவும் தெரிவதில்லை, நிற்கிற கால் நொடியில்தான் பார்க்கிறது. பழகின மொழியில் அது எங்கெங்கு நிற்கத் தேவையில்லை என்று மூளைக்குத் தெரியும். தேர்ந்த வாசகர்கள் மோசமான புரூஃப் ரீடர்களாக இருப்பது இதனால்தான். சன்னல் வெட்டிய அட்டை அடுத்த வரியை மறைக்கிறது. அடுத்த வரி தெரியாதபோது, கண்ணுக்கு இந்த வரியைத் தவிர போக்கிடம் இல்லை. பத்து ரூபாய் அட்டை. என் தொழிலில் இதைவிட நல்ல கருவி ஒன்றை நான் வைத்திருந்ததில்லை.

ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்க முயல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, என் நோட்டைக் காட்டுவேன். நான் நான்கு முறை போவேன். முதல் சுற்று பொருளுக்கும் விடுபாட்டுக்கும். மூலப்பிரதியைப் பக்கத்தில் வைத்து, வாய் அசைய, சத்தமில்லாமல் படிப்பேன். என் காப்பி ஹோல்டர் காலத்தின் மிச்சம் அது. பக்கத்துக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். எட்டுப் பக்கம் முடிய அரைமணியும் கொஞ்சமும் ஆகும், அங்கே நிறுத்தி எழுந்து பால்கனிக்குப் போய்த் தூரத்து மரத்தைப் பார்ப்பேன். இரண்டாவது சுற்று ஒற்றுக்கு மட்டும். அப்போது கதை என்ன, கட்டுரை என்ன என்று பார்க்கமாட்டேன். இரண்டு சொல் சேரும் இடம் மட்டுமே கண்ணில் இருக்கும். 'வேலை கொடுத்தான்' என்றால் ஒருவன் பிழைத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் ஆயுதம் வந்துவிட்டது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானையுடையது. இப்படி ஒரே கேள்வியோடு போகிற கண், பதினாறு பக்கத்தை இருபது நிமிடத்தில் சலித்துவிடும்.

மூன்றாவது சுற்று எழுத்துக்கு. ல, ள, ழ. ர, ற. ன, ண, ந. மென்பொருள் பிழைதிருத்திகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். அகராதியில் இல்லாத சொல்லை அவை காட்டிவிடும். அகராதியில் இருக்கிற தவறான சொல்லோடுதான் பாடு. மனம் வீசிய மல்லிகையும், மணம் உடைந்த மனிதனும் எந்த மென்பொருளுக்கும் உறுத்துவதில்லை. கணினித் தட்டச்சுக்கென்றே சில பிழைகள் உண்டு. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிவதால் 'காரணம்' என்பது 'கரரணம்' ஆகும்; கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, தேடினால்தான் கிடைக்கும். 'ஔவை' பெரும்பாலும் ஒகரமும் ளகரமும் சேர்ந்த 'ஒளவை'யாகத்தான் வருவாள். பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1978-இல் அரசு ஆணை வந்து ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது அல்லவா, அதற்கு முந்தைய பதிப்புகளை மறுபடி தட்டச்சு செய்யும் இளம் பிள்ளைகள், பழைய 'றா'வையும் 'னா'வையும் வேறு ஏதோவாகப் படித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன, அவர்கள் பிறக்கும் முன்பே போய்விட்ட எழுத்து அது.

நான்காவது சுற்றுதான் அந்த முதியவருக்கு நான் பட்ட கடன். யாரும் படிக்காத இடங்கள்: தலைப்பு, உள்தலைப்பு, பக்க எண், மேற்பட்டி, படத்தின் கீழ் உள்ள வரி, காணிக்கை. எழுத்து பெரிதாக ஆக ஆகக் கண் அதைப் படமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அங்கே பேனாவின் பின்முனையை ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்து வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

நான்கு சுற்றும் சேர்ந்து ஒரு ஃபாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஒரே சுற்றில் முடிக்கிறவர் ஒன்றேகால் மணியில் முடிப்பார். அந்த முக்கால் மணிதான் என் முதலீடு.

இடைஞ்சலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஃபோன் பேசிய இரண்டு நிமிடம் இரண்டு நிமிடத்தோடு முடிவதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை ஆய்ந்து, முடிக்காமல் விட்ட வேலையிலேயே கவனத்தின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது, அடுத்த வேலைக்கு அது முழுதாக வருவதில்லை என்று காட்டியிருக்கிறார். என் அனுபவத்தில், ஃபோன் பேசிவிட்டு வந்து படிக்கிற முதல் பக்கத்தில்தான் பிழை தங்கும். அதனால் இரண்டு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒன்று, பதிப்பாளர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை நான் ஃபோனோடு உட்கார்ந்திருப்பேன், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று. முதல் மாதம் வருத்தப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது, அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கேள்விகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கேட்கிறார்கள், அவர்களுக்கும் அது சௌகரியமாகவே இருக்கிறது. இரண்டாவது, எழுந்தே தீரவேண்டும் என்றால், வாசல்மணி அடித்தால்கூட, நின்ற இடத்தையும் அந்த நேரத்துச் சந்தேகத்தையும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் எழுவேன். பால்காரர் அரை நிமிடம் காத்திருப்பார். எழுதிவிட்டால் மனம் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவதில்லை. திரும்பி வந்து உட்காரும்போதும், 'எங்கே விட்டேன்' என்று தேடுகிற நேரம் இல்லை.

தக்காளி வடிவ அடுக்களைக் கடிகாரத்தை வைத்து இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை இருக்கிறது. 1980-களின் இறுதியில் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் தன் படிப்புக்காகக் கண்டுபிடித்தது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். நானும் மூன்று மாதம் செய்து பார்த்தேன். பலருக்கு அது உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் வேலையில் மணி பக்கத்தின் நடுவில் அடிக்கிறது, சில சமயம் வாக்கியத்தின் நடுவில். என் வேலைக்கு அதற்கென்று ஒரு மடிப்பு உண்டு, எட்டாம் பக்கத்தில். அங்கே நிற்பதுதான் எனக்கு இயல்பு. நெசவோ தையலோ சமையலோ, ஒவ்வொரு வேலைக்கும் தனக்குள்ளேயே நிற்கும் இடங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கண்டுபிடித்து அங்கே இளைப்பாறுவது, வெளியிலிருந்து ஒரு மணியைக் கொண்டுவந்து கட்டுவதைவிட மேல்.

2012-இல் சென்னையில் பகலில் இரண்டு மணி நேரம் முறைவைத்து மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். வெளியூர்களில் பாதி நாள் போய்விடும், அங்கே பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமில்லை. கணினி அணைந்துவிடும். தெருவில் எந்த வீட்டிலும் தொலைக்காட்சி ஓடாது. மின்விசிறி நின்ற பிறகுதான், அது அவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்தது தெரியும். நான் தாள் புரூஃபை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்காருவேன். வியர்வை முழங்கையில் வழிந்து தாளில் ஒட்டும். கைக்குட்டையை விரித்து அதன்மேல் கையை வைத்துக்கொள்வேன். அந்த வருட நோட்டில் மின்வெட்டு நேரத்தில் படித்த ஃபாரங்களின் கடைசிக் கட்டங்கள் சுத்தம். நடுப்பகலில் எனக்கு அப்படி ஒரு கண் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மின்சாரம் சீரான பிறகு அந்த அமைதியை நானே உண்டாக்க முயன்றேன். கணினியை அணைத்தேன், கதவைச் சாத்தினேன். பாதிதான் கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து நின்ற இரண்டு மணி நேரம் அது. தனியாளாக அதைக் கொண்டுவர முடியவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் எப்போதும் சில ஆண்டுகளை எழுதி வைத்திருப்பேன். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. நடுவே வேறு நூல்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் இவற்றையெல்லாம் பதிப்பித்தது கும்பகோணம் கல்லூரியில் முழுநேரத் தமிழாசிரியராக இருந்துகொண்டே. ஏடு தேடி ஊர் ஊராகப் போய், பாடபேதம் ஒப்பிட்டு, அச்சுக்குக் கொடுத்து, புரூஃபும் பார்த்து. இடைவெளியை எண்ணிப் பார்ப்பேன்: இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு ஆண்டுகள். அவசரமும் இல்லை, தேக்கமும் இல்லை. நூறு வருடம் தாண்டியும் அந்தப் பதிப்புகளை நம்பி எடுக்கிறோம். ஐயாவுக்கு நாவலர்மீது பக்தி. ஆறுமுக நாவலர் பதிப்பு என்றால் பிழை இருக்காது என்று ஊர் நம்பிய காலத்தைச் சொல்லிச் சொல்லி மாளமாட்டார். அப்படி ஒரு பெயர் ஒரு நாளில் வந்திருக்காது, ஃபாரம் ஃபாரமாகத்தான் வந்திருக்கும்.

எங்களுக்குத் தீபாவளி டிசம்பரில். 1977-இல் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியதிலிருந்து தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. பொங்கலையொட்டி நடக்கும் காட்சிக்குப் புத்தகம் வந்தாக வேண்டும். அக்டோபர் வரை தூங்கிய பிரதிகள் நவம்பரில் எழுந்து, டிசம்பரில் கதவைத் தட்டும். முன்பெல்லாம் எதையும் மறுக்கமாட்டேன். மறுத்தால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை; கூலிக்கு வேலை செய்கிற யாரிடமும், முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்று எளிதாக உபதேசம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. என்னால் அதைச் சொல்ல முடிந்ததே நோட்டு இருந்ததால்தான். நாளைக்கு மூன்று ஃபாரம், ஞாயிறு ஓய்வு, மாதத்துக்கு 75 ஃபாரத்துக்கு மேல் போகாது. நவம்பர் முதல் வாரத்தில் அந்தக் கணக்குப்படி நாளுக்கு நாள் கட்டம் வரைந்து புத்தகங்களை நிரப்புவேன். நிரம்பிய பிறகு வருகிறவரிடம், "டிசம்பர்ல எனக்குக் கண்ணு காலி இல்லீங்க. பிப்ரவரின்னா கொடுங்க, நிதானமா பார்த்துத் தர்றேன்" என்பேன். முதன்முறை இப்படிச் சொன்னபோது குரல் நடுங்கியது. அப்படித் தள்ளிப்போன புத்தகங்களில் பாதி, பிப்ரவரியில் உண்மையாகவே என்னிடம் வந்தன.

இப்போது ஒரு பெண் என்னிடம் பழக வருகிறாள், தமிழ் முதுகலை முடித்தவள். முதல் நாள் கையில் ஃபோனோடும், காதில் பாட்டோடும் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கத்தை இருவரும் படித்தோம், அவள் ஐந்து பிழை கண்டாள், நான் பதினொன்று. மறுநாள் அவளாகவே ஃபோனை அரிசி டின்னுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "எனக்கு ரொம்ப நேரம் ஆகுதேம்மா, நீங்க வேகமா போறீங்களே" என்று இப்போது கவலைப்படுகிறாள். நேரத்தைப் பார்க்காதே, கடைசிக் கட்டத்தைப் பார் என்று அவளுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வந்து, அவள் உரக்கப் படிக்க, நான் விரல் வைத்துத் தொடர்கிறேன். முப்பது வருடத்துக்குப் பிறகு ஒரு காப்பி ஹோல்டர் குரல் என் மேசைக்கு எதிரே. கமா, முற்றுப்புள்ளி, பத்தி. கூலியைப் பங்கிட்டால் எனக்குக் குறைகிறது. ஆனால் அந்த ஃபாரங்கள் திரும்பி வருவதே இல்லை.

மணி பத்தாகப்போகிறது. இன்றைய இரண்டு ஃபாரத்தில் ஒன்று முடிந்தது. இதை எழுத உட்கார்ந்ததால் இன்னொன்று பாதியில் நிற்கிறது. கண்ணும் இன்றைக்கு இவ்வளவுதான் என்கிறது. எழுவதற்கு முன் நோட்டில் எழுதிவிட்டேன்: "ஃபாரம் 5. பக்கம் 71, மூன்றாம் பத்தி, நாலாம் வரி. 'கரை'யா 'கறை'யா? மூலம் பார்."